கை நனைக்காத விருந்தாளி

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் வழியில் வல்லம் ஒன்றியத்து ஊர்களில் கண்ணில் படுவது ஏரியும் கிணறும் பாயும் இடங்களில் நெல்லும் கரும்பும், மானாவாரியில் மல்லாட்டையும் உளுந்தும். கோதுமை இந்த மண்ணின் பயிர் கிடையாது. ஆகவே கோதுமையே ஆகாத நோய் ஒருவருக்கு வந்தால், பஞ்சாபில் பிறந்தவரைவிட இங்கே பிறந்தவர் கொடுத்துவைத்தவர் என்றுதான் தோன்றும். வீட்டளவில் அது உண்மையும்கூட. காலையில் இட்லி, பகலில் சோறும் குழம்பும், வெயில் காலத்தில் கேழ்வரகுக் கூழும் மோரும் என்று காலத்தை ஓட்டிவிடலாம்; தனிக் கடை தேடிப்போய் விலை கூடிய மாவு வாங்க வேண்டியதில்லை. வீட்டு வாசலைத் தாண்டியதும்தான் சிக்கல். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, புதுமனைப் புகுவிழா, கருமாதி என்று ஓயாமல் அழைப்பு வரும் ஊரில், சீலியாக் நோய் உள்ளவரின் உடம்பு வைத்தியர் கையில் இருப்பதைவிடப் பந்தியில் பரிமாறுபவர் கையில்தான் அதிகம் இருக்கிறது. விருந்தில் பத்திரமாகச் சாப்பிடும் பொறுப்பை நோயாளியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. அழைத்தவரும் சமைத்தவரும் அதில் பாதியையாவது ஏற்க வேண்டும் என்பது என் கட்சி. அரிசி தின்னும் ஊரில் அது பெரிய சுமையும் இல்லை.

சாப்பிட்டதும் உடம்பில் தடிப்பு வந்து ஒரு மாத்திரையில் அடங்கிவிடும் அலர்ஜி என்று இதை நினைப்பவர்கள் உண்டு. இது வேறு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், உடலின் நோய் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்ச வேண்டிய குடலின் உட்சுவர் மழுங்கிப்போகிறது. சிலருக்கு வயிற்றுப்போக்கும் உப்புசமும் வரும். சிலருக்கு அதுகூட இல்லாமல், எத்தனை இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாலும் தீராத இரத்தசோகை, எலும்புத் தேய்மானம், வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளை என்று வேறு முகங்களில் வரும். கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்கு உறுதிப்படுத்தியவர் வில்லம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் அந்த நாடு பஞ்சத்தில் தவித்தபோது, ரொட்டி கிடைக்காத அந்த மாதங்களில் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தன் ஆய்வேட்டை வெளியிட்டார். அன்று முதல் இன்று வரை சிகிச்சை ஒன்றுதான்: வாழ்நாள் முழுக்க குளூட்டன் கலக்காத சாப்பாடு. எவ்வளவு சேர்ந்தால் கெடுதல் என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் எடுத்துக்கொண்ட நோயாளிகளின் குடல் சுவரில் சேதம் தெரிந்தது. கோதுமை மாவில் சொன்னால் அது ஏறத்தாழ அரை கிராம், அதாவது இரு விரல் நுனியில் கிள்ளி எடுக்கும் மாவு.

இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு ஒரு முகூர்த்த நாள் காலை இலையைப் பாருங்கள். முதலில் ஓரத்தில் விழும் கேசரி ரவையால் ஆனது, ரவை என்றால் கோதுமை. அடுத்து வரும் பொங்கல் அரிசியும் பாசிப்பருப்பும்தான். ஆனால் கேசரி வாளியில் இருந்த கரண்டியே பல சமயம் பொங்கலுக்கும் வந்துவிடுகிறது. வடை உளுந்து என்று நம்பி எடுத்தால், அது வெந்த எண்ணெயில் சற்று முன்புதான் பூரி பொரிந்திருக்கும். மதியப் பந்தியில் பாயசம் சேமியாவா ஜவ்வரிசியா என்று கேட்க வேண்டும். போளியும் பாதுஷாவும் மைதா. அசைவ விருந்து என்றால் பிரியாணி பெரும்பாலும் தப்பித்துவிடும், பக்கத்தில் வரும் சிக்கன் 65இல் மைதா இருக்கலாம், பிரெட் அல்வா முழுக்க முழுக்க ஆபத்து. இவை எல்லாவற்றையும் தெரிந்து ஒதுக்குகிறவரையும் ஏமாற்றுவது பெருங்காயம். கடையில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் சுத்தப் பிசின் கிடையாது; கோந்தோடு கோதுமை மாவையோ மைதாவையோ சேர்த்துத்தான் கட்டியாகவும் தூளாகவும் ஆக்குகிறார்கள். டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது அச்சாகியும் இருக்கிறது. சாம்பார், ரசம், மோர், வடை, பொங்கல் என்று அது போகாத இடமில்லை. ஆயிரம் பேர் சாப்பிடும் அண்டாவில் ஒரு டப்பா பெருங்காயத்தைப் பிரித்துக் கணக்குப் போட்டால் ஒரு இலைக்கு விழுவது மிகச் சொற்பமாகத்தான் இருக்கும் என்று வாதாடலாம். அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் சாம்பாரில் சொற்பம், ரசத்தில் சொற்பம், கரண்டியில் ஒட்டியது, எண்ணெயில் மிதந்தது என்று சேரும்போது எவ்வளவு ஆகும் என்பதை அந்த மண்டபத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. நோயாளி பயப்படுவது இந்தத் தெரியாமைக்குத்தான்.

சரி, சாப்பிடாமல் வந்துவிட வேண்டியதுதானே என்றால், நம் ஊரில் அது அவ்வளவு லேசில்லை. பங்காளிச் சண்டை உள்ள வீட்டில்தான் கை நனைக்காமல் திரும்புவார்கள். மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினால், ‘என்ன குறை வெச்சோம்?’ என்று பெண் வீட்டார் பதறுவார்கள். போனில் ஒரு வாரம் அது பேச்சாக ஓடும். ஆகவே வற்புறுத்தல் தொடங்குகிறது. ‘ஒரு வாய் இனிப்பாவது எடுத்துக்கம்மா, கல்யாண வீட்ல வெறும் வாயோட போகக்கூடாது’ என்று பெரியம்மா ஊட்டவே வந்துவிடுவார். அன்பு என்பதில் சந்தேகமில்லை. அந்த ஒரு வாயில் இருப்பது அரை கிராமுக்கும் மேலான கோதுமை என்பதிலும் சந்தேகமில்லை. சாப்பிட்டவுடன் மயங்கி விழுந்தால் எல்லாரும் நம்பிவிடுவார்கள். இந்த நோய் பெரும்பாலும் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை; சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பதை விருந்து வைத்தவர் பார்க்கப்போவதில்லை. பலருக்கு எந்த வலியும் தெரியாமலே குடல் மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். இளம்பெண்களின் நிலை இன்னும் மோசம். வரன் பார்க்கும் வயதில் ‘வயித்துக் கோளாறு உள்ள பொண்ணு’ என்று பேர் வந்துவிடக்கூடாதே என்று நோயைச் சொல்லாமல் மறைப்பதும், மாமியார் வீட்டில் முதல் நாள் வைத்த கேசரியை மறுக்க முடியாமல் தின்பதும் நடக்கக்கூடியவைதான்.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது, அதைச் சுற்றிவளைக்காமல் எதிர்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இந்த நோய் உள்ளவர்கள் எத்தனை பேர்? 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, வட இந்தியா, வடகிழக்கு, தெற்கே வேலூர்ப் பகுதி என மூன்று இடங்களில் 23,331 பேரைச் சோதித்தது. நோய்க்கான எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம் பேரின் இரத்தத்தில் இருந்தது, தெற்கில் 0.10 சதவீதம்தான். உறுதியான நோய் வடக்கில் ஆயிரத்துக்கு எட்டரைப் பேர், தெற்கில் ஆயிரத்துக்கு 0.11 பேர். ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேருக்கு ஒருவர். சுமார் 21 லட்சம் மக்கள் உள்ள விழுப்புரம் மாவட்டத்துக்கு இந்த விகிதத்தை அப்படியே பொருத்தினால் இருநூறு சொச்சம் பேர் வருவார்கள். ஆயிரம் பேர் வரும் கல்யாணத்தில் சராசரியாக ஒருவர்கூட இருக்கமாட்டார். அப்படியிருக்க ஊர் வழக்கத்தையே இதற்காக மாற்றுவதா என்று கேட்பார்கள். அதே ஆய்வு சொல்லும் இன்னொரு செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கில் 38.1 சதவீதம் பேரிடம் இருந்தது, தெற்கில் 36.4 சதவீதம் பேரிடம். வித்தியாசம் உடம்பில் கிட்டத்தட்ட இல்லை, தட்டில்தான் இருக்கிறது. அன்றைக்கு வடக்கே ஒருவர் தினம் உண்ட கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம். மரபணு மட்டும் இருந்தால் நோய் வந்துவிடாது, அது உள்ளவர்களில் மிகச் சிலருக்குத்தான் வருகிறது என்பதும் உண்மை. ஆனால் திண்டிவனம் பேருந்து நிலையத்தைச் சுற்றி மாலையில் பரோட்டாக் கல் ஓசை கேட்காத தெரு எது? சர்க்கரைக்குப் பயந்து இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய வீடுகள் எத்தனை? அந்த 25 கிராம் அப்படியே நிற்கப்போவதில்லை.

ஒரு வேளை எண்ணிக்கை கூடவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அரிது என்பது அலட்சியத்துக்குக் காரணமாகாது. உண்மையில் அரிதாக இருப்பதுதான் இந்த நோயாளிகளின் துன்பத்தில் பாதி. ‘எனக்குச் சுகர்’ என்று ஒருவர் சொன்னால் காபியில் சர்க்கரை போடாமல் தருகிறார்கள், ஏன் என்று கேட்பதில்லை. ஏனென்றால் எல்லா வீட்டிலும் ஒருவருக்கு அது இருக்கிறது. ‘எனக்குக் கோதுமை ஆகாது’ என்றால் சிரிப்பு வருகிறது. சிரிப்பவர்களுக்கு அந்த நோயைப் பார்த்த பழக்கமில்லை, அவ்வளவுதான். மேலும், ஒருவருக்காக மாற்றச் சொல்வது ஒரு இலையைத்தான், ஊர் விருந்தை இல்லை. ஆயிரத்தில் ஒருவர் என்றால் செலவும் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அதைச் செய்யும் முறையோ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவருக்கும், மேல்மருவத்தூருக்குச் சக்தி மாலை போட்டவருக்கும் வீட்டில் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி ஒதுக்குகிறார்கள். சிலர் தனி அடுப்பே வைக்கிறார்கள். அசைவம் கலந்த கரண்டி சைவப் பாத்திரத்தில் பட்டுவிட்டால் அந்தப் பாத்திரத்தையே ஒதுக்கிவிடும் சமையல்காரர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. துளி பட்டாலும் பட்டதுதான் என்ற அறிவு நம் சமையற்கட்டுக்குப் புதிதே இல்லை. சாமிக்காகக் கடைப்பிடிக்கும் சுத்தத்தை ஒரு நோயாளியின் குடலுக்காகக் கடைப்பிடிக்க முடியாது என்று சொன்னால், அது முடியாமை இல்லை, மனமின்மை.

இரண்டாவது மறுப்பு, நல்லெண்ணத்தோடு வருவது. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரலாமே, அல்லது ஒரு டிபன் பாக்ஸில் கொண்டுவந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிடலாமே? அவசரத்துக்கு இது நல்ல வழிதான். மருத்துவர்களும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் இதையே நிரந்தர ஏற்பாடாக ஆக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை வைத்தே மனிதரை மேலும் கீழுமாகப் பிரித்த நாடு இது. நூறாண்டுக்கு முன் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு போட்டது தெரிந்து, 1924-25இல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே அந்தப் பிரச்சினை உலுக்கியது. அங்கே படித்த தன் பிள்ளை தண்ணீர்ப் பானை விஷயத்தில் அவமதிக்கப்பட்டதை வெளியே கொண்டுவந்தவராகப் பேசப்படுபவர், திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூர்க்காரர், பின்னாளில் சென்னை மாகாணத்தின் பிரதமரான ராமசாமி ரெட்டியார். சமபந்தி என்று அரசே கோயில்களில் விருந்து வைப்பது இந்த வரலாற்றின் தொடர்ச்சி. இங்கே ஒருவரைத் தனியே உட்காரவைத்தால், பார்க்கிறவர்கள் அதற்கு மருத்துவக் காரணத்தைத் தேடமாட்டார்கள். வேறு காரணத்தைத்தான் தேடுவார்கள். சில குடும்பங்களுக்கு அந்தப் பார்வை பழைய காயத்தைக் கீறுவதாக இருக்கும். ஆகவே தனிப் பாத்திரத்தில் சமைக்கட்டும், ஆனால் இலை அதே வரிசையில் விழட்டும். முதல் பந்தியிலேயே உட்காரவைத்தால் கரண்டிகள் கலக்கும் முன்பே அவர் சாப்பிட்டு எழுந்துவிடலாம். அது அவருக்குக் கௌரவமாகவும் இருக்கும்.

குளூட்டன் இல்லாத உணவு என்பது பணக்காரர்களின் உடல் இளைக்கும் மோகம்தானே என்று ஒரு கேலியும் உண்டு. நோய் இல்லாதவர்கள் சினிமாக்காரர்களைப் பார்த்துக் கோதுமையை விடுவது மோகம்தான், அதைக் கேலி செய்வதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கேலி தவறான ஆளின் மேல் விழுகிறது. மோகத்தில் விட்டவர் கல்யாண வீட்டில் கேசரியை ருசி பார்ப்பார், நோயாளியால் முடியாது. முன்னவரைப் பார்த்துப் பழகிய கண், பின்னவரையும் நடிக்கிறார் என்றே நினைக்கும்.

செய்ய வேண்டியது என்ன என்று சமையல் மாஸ்டர்களிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. கேசரிக்குப் பதில் சர்க்கரைப் பொங்கலோ அரிசி மாவு அதிரசமோ, சேமியாவுக்குப் பதில் ஜவ்வரிசிப் பாயசமோ முழு விருந்துக்குமே வைக்கலாம், செலவில் பெரிய மாற்றம் வராது, குறை சொல்லவும் ஆள் இருக்காது. அப்படி மாற்ற மனமில்லை என்றால், பெருங்காயம் போடும் முன் நாலு கரண்டி சாம்பாரையும் ரசத்தையும் ஒரு தூக்கில் எடுத்து வைத்தால் போதும். பூரி போடும் முன், பெருங்காயம் சேராத வடையையும் அப்பளத்தையும் பொரித்து வைத்தால் போதும். வரிசையை மாற்றுவதற்குக் காசு வேண்டியதில்லை. இந்தப் பகுதி அம்மன் கோயில்களில் ஆடியில் ஊற்றும் கூழ் கேழ்வரகும் நொய்யும்தான். சாதி மத பேதமின்றி வருகிறவர்கள் எல்லாரும் குடிக்கிறார்கள், சீலியாக் உள்ளவரும் குடிக்கலாம், ஒரு விஷயத்தைத் தவிர. கேழ்வரகை அரைக்கும் ஊர் மாவு மில்லில் அதற்கு முன் கோதுமை அரைத்திருந்தால், கல்லில் தங்கிய மாவு முதல் படியோடு சேர்ந்து வந்துவிடும். மில்லுக்கு விடியற்காலையில் முதல் ஆளாகப் போனாலும் முந்தைய நாள் மாவு இருக்கும். நொய்யை முதலில் அரைத்து அதை மாட்டுக்குப் போட்டுவிட்டு, பிறகு அரைப்பது ஓரளவு பாதுகாப்பு.

அரசின் பங்கும் உண்டு. பொட்டலத்தில் அடைத்த உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும், ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. அண்டாவில் கிண்டும் உணவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டுக்குச் சட்டம் போடச் சொல்லவில்லை, அது நடக்கிற காரியமும் இல்லை. அரசே சமைக்கும் இடம் வேறு. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம்; அதன் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமாவும் கிச்சடியும் இருக்கின்றன, பொங்கலும் அரிசி உப்புமாவும் இருக்கின்றன. மருத்துவச் சான்று தரும் பிள்ளைக்கு எல்லா நாளும் அரிசி வகை என்று ஒரு வரி உத்தரவு போட்டால் போதும். மாக்கரோனியும் ரொட்டியும் தின்று வாழும் இத்தாலி, 2005இல் இயற்றிய சட்டத்தில் பள்ளி, மருத்துவமனை உணவுக்கூடங்களில் கேட்பவருக்குக் குளூட்டன் இல்லாத சாப்பாடு தர வேண்டும் என்று எழுதிவைத்தது. கோதுமையே சோறான நாடு செய்ததை, சோறே சோறான நாடு செய்ய என்ன தயக்கம்?

கடைசியாக ஒரு நடைமுறை எச்சரிக்கை. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் இரத்தசோகை தீராதவர், காரணம் தெரியாத வயிற்றுப்போக்கு உள்ளவர், வளர்ச்சி நின்றுபோன பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ மருத்துவரிடம் சீலியாக்கைப் பற்றிக் கேளுங்கள். இரத்தச் சோதனையும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியும் முடியும்வரை கோதுமையை நிறுத்த வேண்டாம். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம். விருந்து வைக்கப்போகிறவர்களுக்கு ஒன்று: அழைப்பு வைக்கப் போகும்போது ‘உங்க வீட்ல யாருக்காவது ஆகாதது ஏதாவது இருக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். மளிகைப் பட்டியலோடு கடைக்குப் போகிறவர், பெருங்காய டப்பாவைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கட்டும்.